பொதி வேணாம் டீச்சர், அந்த எழுத்த அழிச்சித் தாங்க



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

நோன்புக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. ஊரில் மறுபடியும் பட்டியல் எழுதும் காலம் தொடங்கிவிட்டது. அதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நாங்கள் மூன்று பேரும் பேசி முடிவெடுத்தோம். நாங்கள் என்றால் ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் இரண்டு டீச்சர்மாரும் ஒரு சேரும். யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. பிழை விட்டது நாங்கள்தான். இதில் வரும் தாயிடம் அனுமதி கேட்டோம். "எழுதுங்க, வேற புள்ளைக்கு இப்படி வரப்படாது" என்று சொன்னார். ஆட்களை அடையாளம் பிடிக்கக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறோம்.

இரண்டு வருடத்துக்கு முந்திய நோன்பு. கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து உலர் உணவுப் பொதி கொடுக்கக் காசு அனுப்பினார்கள். யார் யாருக்குக் கொடுப்பது என்று பார்க்கும் பொறுப்பு எங்களிடம் வந்தது. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன் வகுப்பாசிரியருக்குத் தெரிந்துவிடும். இடைவேளைக்குச் சாப்பாட்டுப் பெட்டி இல்லாமல் தண்ணீர்ப் பைப்படியில் நின்று நேரம் போக்கும் பிள்ளையை நாங்கள்தானே காண்கிறோம்.

64 குடும்பங்கள் வந்தன. சீஆர் கொப்பியில் சிவப்புப் பேனையால் கோடு கீறி எழுதினோம். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், பிள்ளைகள் எத்தனை, எந்தத் தரம். கடைசி நிரலுக்கு "குறிப்பு" என்று தலைப்புப் போட்டோம். அதில் கணவர் மௌத்து, தலாக், சிறுநீரக நோய், மனநோய் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே காரணம் எழுதினோம். ஒரு வீட்டுக்கு நேரே, "தந்தை போதைவஸ்து வழக்கில் சிறையில்" என்று எழுதினோம்.

யாரும் எங்களிடம் அந்த நிரலைக் கேட்கவில்லை. "ஏன் இந்த வீடு, ஏன் அந்த வீடு இல்லை" என்று நாளைக்கு யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும் என்று நாங்களாகவே சேர்த்தோம். நீதியாக நடக்க வேண்டும் என்ற எண்ணம்தான்.

பிறகு, காசு அனுப்பியவர்களில் ஒருவர் "லிஸ்ட்ட ஒருக்கா அனுப்புங்க, பாப்பம்" என்றார். நாலு பக்கத்தையும் போனில் படம் பிடித்து, ஏற்பாட்டாளர்கள் 9 பேர் இருந்த வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோம். இஷா தொழுது வந்த பிறகு போட்டது. சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால், எங்களில் ஒருவரின் குடும்பக் குரூப்புக்கே அந்த நாலு படமும் வந்து கிடக்கிறது. மேலே ஃபோர்வர்ட் அடையாளம். கீழே எங்கள் கையெழுத்து, எங்கள் சிவப்புக் கோடு.

யார் வெளியே விட்டது என்று முதலில் கோபத்தோடு தேடினோம். தேடிப் பார்த்தால் ஒரு கெட்டவரும் இல்லை. ஒருவர் தன் மாமியின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க மனைவிக்கு அனுப்பியிருக்கிறார். மனைவி தன் ராத்தாவிடம் கேட்கப் போய் அனுப்பியிருக்கிறார். ராத்தா, "எங்கட ஒழுங்கையில ஒரு வீடு விடுபட்டிரிக்கி, சேக்கச் சொல்லுங்க" என்று தன் ஓஎல் பெட்ச் குரூப்பில் போட்டிருக்கிறார். எல்லாரும் நல்ல மனதோடுதான் அனுப்பியிருக்கிறார்கள். பின்னேரம் ஆகும்போது ஊரில் பட்டியல் பார்க்காத போன் இல்லை.

அந்தச் சிறை என்று எழுதிய வீட்டுப் பிள்ளை அப்போது தரம் 8. கெட்டிக்காரி. கணக்குக்கு முதலாவதாகக் கை தூக்குகிற பிள்ளை. தகப்பன் உள்ளே போனது வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. "வாப்பா கொழும்பில வேல" என்றுதான் பிள்ளை சொல்லி வந்தது. வகுப்பாசிரியருக்கு மட்டும் தாய் ஒரு நாள் வந்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். சீஆர் கொப்பியில் எழுதியது அந்தச் சொல்லைத்தான்.

மூன்று நாள் பிள்ளை வரவில்லை. நாங்கள் இரண்டு டீச்சர்மாரும் பொதியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். பிள்ளை உள் அறையில் இருந்து வெளியே வரவே இல்லை. டியூஷனுக்குப் போன இடத்தில் பொடியன்மார் தகப்பனின் கேஸைச் சொல்லிப் பட்டம் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். தாய் எங்களுக்குக் கதிரை போட்டார், பிளேன்டீ தந்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. நாங்கள் எழும்பும்போதுதான் பொதியை எங்கள் பக்கம் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"பொதி வேணாம் டீச்சர். அந்த எழுத்த அழிச்சித் தாங்க."

"அழிக்கிறம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். ஒழுங்கை முடியும் வரைக்கும் நாங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. எதை அழிப்பது? கொப்பியின் நாலு தாளைக் கிழித்து எரிக்கலாம், அன்றைக்கே எரித்தோம். நாங்கள் போட்ட குரூப்பில் "எல்லோருக்கும் அழி" என்று கொடுக்கலாம், அதையும் செய்தோம். ஆனால் அது நாங்கள் போட்ட இடத்தில் மட்டும்தான் அழியும். மற்றவர்கள் ஃபோர்வர்ட் பண்ணிய பிரதிகளுக்கும், கேலரியில் இறங்கிவிட்ட படத்துக்கும் அது கை நீட்டாது. அந்தப் படம் எத்தனை போனில் இருக்கிறது என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது.

இது முதலாவது. இன்னும் ஒன்று நடந்தது.

பத்து நாளைக்குப் பிறகு, பட்டியலில் இருந்த இன்னொரு தாய்க்கு ஒரு கோல் வந்தது. பேசியவர் நல்ல தமிழில், மரியாதையாக, பெயரைச் சொல்லி, முகவரியைச் சொல்லி, அடையாள அட்டை இலக்கத்தையும் முழுதாகச் சொன்னாராம். "பொதி கிடைச்சவங்களுக்கு மேலதிகமா ஒரு உதவித்தொகை வந்திரிக்கி. உறுதிப்படுத்த ஒங்கட போனுக்கு ஆறு இலக்கம் வரும், அத மட்டும் சொல்லுங்க" என்றிருக்கிறார். இவ்வளவு விபரமும் தெரிந்த ஆள் கள்ளனாக இருப்பான் என்று யார் நினைப்பார்? சொல்லிவிட்டார்.

அந்த ஆறு இலக்கம் வாட்ஸ்அப்பின் பதிவு இலக்கம். வாட்ஸ்அப் கணக்கு நம்முடைய போனோடு கட்டப்பட்டதல்ல, போன் நம்பரோடு கட்டப்பட்டது. யாராவது தங்கள் போனில் வாட்ஸ்அப்பை இறக்கி நம் நம்பரை அடித்தால், "இது நீங்கள்தானா" என்று கேட்டு அந்த நம்பருக்கு ஆறு இலக்கம் வரும். அதைச் சொல்லிக் கொடுத்தால் நம் கணக்கு அவர்கள் போனுக்குப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் அந்தத் தாயின் பெயரில், அந்தத் தாயின் படத்தோடு, தெரிந்தவர்களுக்கெல்லாம் செய்தி போனது. "அவசரம், ஆஸ்பத்திரியில நிக்கிறன், இந்தக் கணக்குக்குக் கொஞ்சம் காசு போடுங்க." வெளிநாட்டில் இருக்கும் அவரின் தம்பி 40,000 ரூபாய் போட்டார். அது போனதுதான்.

பொலிஸில் முறைப்பாடு செய்தோம். கள்ளனுக்கு விபரம் எங்கள் பட்டியலில் இருந்துதான் போனது என்று எங்களால் நிரூபிக்க முடியாது. ஆனால் பெயர், முகவரி, அடையாள அட்டை, போன் நம்பர் நாலும் ஒரே வரியில் இருந்த இடம் எது என்று எங்களுக்குத் தெரியும்.

அடையாள அட்டை இலக்கம் என்றால் என்ன பெரிய விசயம் என்று அதுவரை நாங்களும் நினைத்திருந்தோம். அதைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும்போதுதான் எங்களுக்கே உறைத்தது. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 85632 என்று தொடங்கினால் 1985ஆம் ஆண்டு மே 11ஆம் திகதி பிறந்த ஒரு பெண் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். 2016இல் இருந்து வரும் 12 இலக்க அட்டையிலும் அதே முறைதான், வருடம் மட்டும் நாலு இலக்கம். ஆக, அட்டை இலக்கத்தைக் கொடுத்தால் பிறந்த திகதியையும் சேர்த்துக் கொடுக்கிறோம். எங்களில் எத்தனை பேர் பிறந்த வருடத்தையே பின் நம்பராக வைத்திருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் தன் மனதில் கேட்டுப் பார்க்கலாம்.

இதற்கு முன் இணையத்தில் தனிப்பட்ட விபரம், பாதுகாப்பு என்றெல்லாம் கேட்டால் எங்களுக்கு எங்கோ தூரத்தில் கணினிக்கு முன் இருக்கும் ஹேக்கர்தான் ஞாபகத்துக்கு வருவான். பாடசாலையில் விழிப்புணர்வு நிகழ்ச்சி வைத்து, "பாஸ்வேர்டைச் சொல்லாதீங்க, தெரியாத ஆளை ஃபேஸ்புக்கில் சேர்க்காதீங்க" என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். அது சரிதான். ஆனால் எங்கள் ஊரில் விபரம் வெளியே போகும் பெரிய வாசல் அதுவல்ல. மக்கள் நம்பி விபரம் தருகிற ஆட்கள் நாங்கள்தான், வாசலைத் திறந்து வைத்திருப்பதும் நாங்கள்தான்.

யோசித்துப் பாருங்கள். 2020இல் கொரோனாவுக்குப் பாடசாலை மூடியபோது வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினோம். வேறு வழி இருக்கவில்லை. ஆனால் அன்றைக்கே ஒவ்வொரு தாயின் நம்பரும் படமும் மற்ற எல்லா வீட்டு ஆண்களின் கையிலும் போய்ச் சேர்ந்தது. இரவு பத்து மணிக்குத் தெரியாத நம்பரில் இருந்து "ஹாய்" வந்ததை எத்தனை தாய்மார் கணவனுக்குச் சொல்லப் பயந்து மறைத்தார்கள் என்று பிறகுதான் எங்களிடம் சொன்னார்கள்.

கொமினிகேஷன் கடைக்குப் போகிறோம். அடையாள அட்டையையும் பேங்க் புக்கின் முன் பக்கத்தையும் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிப் பிரின்ட் எடுக்கிறோம். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்தப் படம் கடைக் கணினியிலேயே இருக்கிறது. கடைக்காரர் நல்லவர், எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். ஆனால் அந்தக் கணினியில் நாளைக்கு யார் உட்காருவார் என்று அவருக்கே தெரியாது.

பரீட்சைக் காலத்தில் "என் மகளுக்கு துஆ செய்யுங்கள்" என்று அனுமதி அட்டையைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போடுகிறோம். சுட்டெண் தெளிவாகத் தெரியும். பெறுபேறு வந்த அன்று அந்தச் சுட்டெண்ணை பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அடித்து யாரும் பார்க்கலாம். ஒரு பிள்ளை தன் பெறுபேற்றைத் தான் பார்க்கும் முன் பக்கத்து வீட்டார் பார்த்து, ஊருக்கும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். துஆ கேட்பதற்குச் சுட்டெண் எதற்கு?

இதெல்லாம் எங்களுக்குத் தெரியாத பாடமும் இல்லை. கலாசாலையில் படிக்கும் காலத்தில் ஒரு விரிவுரையாளர் எங்களுக்குச் சொன்னது மூன்று பேருக்கும் ஞாபகம் இருக்கிறது. சப்பாத்து வவுச்சர் கொடுக்கும்போது பிள்ளையை முன்னுக்குக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டாம், தகப்பனின் தொழிலை வகுப்பில் சத்தமாகக் கேட்டு எழுத வேண்டாம் என்று சொல்வார். நாங்கள் வகுப்பறையில் அதைக் கவனமாகச் செய்துவிட்டு, போனில் செய்ய மறந்துவிட்டோம். கையில் கொப்பி இருக்கும்போது இருக்கிற பயம் கையில் போன் இருக்கும்போது இருக்கவில்லை.

எங்கள் மார்க்கத்திலும் இது புதிய விசயம் அல்ல. அடுத்தவர் வீட்டுக்குள் போகும் முன் அனுமதி கேட்டு ஸலாம் சொல்ல வேண்டும் என்று சூரா அந்நூரில் படித்திருக்கிறோம். அந்த அனுமதி கேட்பது பார்வையின் காரணத்துக்காகத்தான் என்று ஹதீஸில் வருவதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கதவுத் துவாரத்தால் எட்டிப் பார்ப்பது தப்பு என்று தெரிந்த நாங்கள், 64 வீட்டின் கதவையும் ஊர் பார்க்கத் திறந்துவிட்டோம். அமானத் என்றால் காசும் நகையும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தத் தாய் கதவைச் சாத்திவிட்டுச் சொன்ன சொல்லும் அமானத்தாகத்தான் எங்களிடம் வந்தது.

நாட்டின் சட்டமும் இதைச் சொல்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. என்ன தேவைக்கு என்று சொல்லி எடுக்க வேண்டும், அந்தத் தேவைக்கு வேண்டியதை மட்டும் எடுக்க வேண்டும், தேவை முடிந்த பிறகு வைத்திருக்கக் கூடாது என்பவை அதன் அடிப்படைகள். ஒருவரின் நோய், ஒருவரின் வழக்கு, ஒரு பிள்ளையின் விபரம் ஆகியவற்றை விசேடமாகப் பாதுகாக்க வேண்டிய வகை என்று அந்தச் சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. நாங்கள் அந்தக் "குறிப்பு" நிரலில் எழுதியது கிட்டத்தட்ட முழுவதும் அந்த வகைதான்.

போன வருடம் முறையை மாற்றினோம். பட்டியல் ஒன்றே ஒன்று, தாளில். பூட்டுப் போடும் லாச்சியில் இருந்தது. அதைப் படம் பிடிக்கவில்லை. அடையாள அட்டை இலக்கம் எடுக்கவில்லை, அரிசிப் பொதிக்கு அது தேவையில்லையே. குறிப்பு நிரலே இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இலக்கம் கொடுத்தோம். காசு அனுப்பியவர்களுக்கு எத்தனை பொதி, என்ன சாமான், கடை பில் எவ்வளவு என்ற கணக்கு மட்டும் போனது. பொதியை எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிப் பையில் போட்டு, தராவீஹ் முடிந்த பிறகு கொண்டுபோய்க் கொடுத்தோம். கொடுக்கும்போது ஃபோட்டோ எடுக்கவில்லை. பெருநாள் முடிந்த கிழமை தாளை எரித்தோம்.

இது சும்மா நடக்கவில்லை. ஒருவர், "பேரும் இல்ல, போட்டோவும் இல்லண்டா நாங்க எப்பிடி நம்புற?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது, அவர் உழைத்த காசு. பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவரும் ஊரில் எல்லாரும் மதிக்கும் ஒரு பெரியவரும் பட்டியலைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள் என்று சொன்னோம். மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அவர் ஏற்கவில்லை. 11 பொதி குறைந்தது. அந்த 11 வீட்டையும் எங்கள் கைக்காசாலும் வேறு ஆட்களிடம் கேட்டும் ஒருமாதிரிச் சமாளித்தோம். முழுப் பொதியாகக் கொடுக்க முடியவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

இந்த வருடம் பட்டியல் எழுதப் போகும் எல்லாச் சங்கங்களுக்கும், சகோதர சகோதரிகளுக்கும் எங்கள் வேண்டுகோள் இதுதான். எழுதும் ஒவ்வொரு நிரலுக்கும், "இது இல்லாமல் பொதியைக் கொடுக்க முடியாதா?" என்று ஒருமுறை கேளுங்கள். கொடுக்க முடியும் என்றால் அந்த நிரலை வெட்டிவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் சில விசயங்கள்.

போனுக்கு வரும் ஆறு இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம். வங்கி என்று சொன்னாலும், அரச அலுவலகம் என்று சொன்னாலும், உங்கள் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் அவர்களே சொன்னாலும் வேண்டாம். விபரம் தெரிந்திருப்பது நல்ல ஆள் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுன்ட் என்பதற்குள் போனால் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் இருக்கும். அதில் ஒரு ஆறு இலக்கப் பின் நம்பர் போட்டு வையுங்கள், பிறந்த திகதியைப் போடாமல். அதன் பிறகு யாராவது ஏமாற்றிப் பதிவு இலக்கத்தை எடுத்தாலும் அந்தப் பின் இல்லாமல் உடனே உள்ளே போக முடியாது. உம்மாமார், வாப்பாமார், பெரியம்மாமாரின் போனில் பிள்ளைகள் செய்து கொடுங்கள். லிங்க்ட் டிவைசஸ் என்பதையும் திறந்து, தெரியாத கணினி ஏதும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கணக்குப் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே உங்கள் நம்பரையே மறுபடி வாட்ஸ்அப்பில் பதியுங்கள், மற்றவரின் போனில் இருந்து வெளியேறிவிடும். கள்ளன் அதற்குள் ஒரு பின் போட்டிருந்தால் 7 நாள் பொறுக்க வேண்டி வரலாம். அதனால் குடும்பத்துக்கும் தெரிந்தவர்களுக்கும் கோல் எடுத்து, "என் பேரில் காசு கேட்டால் போட வேண்டாம்" என்று முதலில் சொல்லுங்கள். காசு போய்விட்டால் அந்த நிமிடமே வங்கிக்கு அறிவியுங்கள், பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

கடையில் பிரின்ட் எடுத்த பிறகு, முன்னால் நின்று, "அழிச்சி விடுங்க நானா" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. கேட்கும் ஆட்கள் கூடினால் கடைக்காரர்களும் தாங்களாகவே அழிக்கத் தொடங்குவார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. அறிவித்தல் மட்டும்தான் போடுவதென்றால் குரூப்புக்குப் பதிலாக ப்ரோட்காஸ்ட் லிஸ்ட்டைப் பாவிக்கலாம். ஒரு தாயின் நம்பர் மற்றத் தாய்க்குத் தெரியாது. எங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் போகும் என்பதால் தொடக்கத்தில் கொஞ்சம் அலைச்சல் இருந்தது. இப்போது பழகிவிட்டது.

கடைசியாக, இந்தப் பதிவை மூடியதும் உங்கள் கேலரியைத் திறந்து பாருங்கள். மற்றவர்களின் அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை, பேங்க் புக், பட்டியல் ஏதாவது இருக்கும். எப்போதோ ஒரு உதவிக்கு வந்தது. உதவி முடிந்திருக்கும், படம் இருக்கும். அழித்துவிடுங்கள். இரண்டு வருடத்துக்கு முந்திய எங்கள் நாலு பக்கமும் உங்கள் போனில் இருந்தால், அல்லாஹ்வுக்காக அதையும் அழித்துவிடுங்கள். ஒரு தாய்க்கு "அழிக்கிறம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தோம், அதை எங்களால் தனியாக நிறைவேற்ற முடியவில்லை.

அந்தப் பிள்ளை ஒன்பதாவது நாள் பாடசாலைக்கு வந்தது. இப்போது தரம் 10. கணக்கு இன்றைக்கும் சரியாகத்தான் செய்கிறது. கொப்பியைத் திருத்தும்போது தெரிகிறது. ஆனால் கை தூக்குவதில்லை. துஆ செய்யுங்கள்.

யார் அந்தப் பிள்ளை, எந்த வீடு என்று கேட்டு கமெண்ட் போட வேண்டாம். இன்பொக்ஸிலும் கேட்க வேண்டாம்.